முதல் என்ர காதைச் செய்யுங்கோ

ஜெஸ்லியா குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு வெகுநேரமாகியும் வெளியே வரவில்லை. முஸ்பிரா முதலில் சாதாரணமாகக் கூப்பிட்டாள். பிறகு தட்டினாள். உள்ளே தண்ணீர்ச் சத்தமும் இல்லை, பிள்ளையின் சத்தமும் இல்லை. கதவை உடைக்க ஆளைக் கூப்பிடுவோம் என்று திரும்பிய நேரத்தில் கொண்டி விலகியது. ஏழு வயது மகள் அழாமல் நின்றாள். இரண்டு காதுகளும் தலையோடு ஒட்டிக் கிடந்தன. வாப்பாவின் ஹாட்வெயார் கடையிலிருந்து எடுத்து வந்த சுப்பர் குளூ டியூப், மூடி கழன்றபடி தரையில் கிடந்தது.

"இப்ப வடிவா இருக்குத்தானே உம்மா?"

முஸ்பிரா பிள்ளையைக் கதிரையில் இருத்தி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் கரைத்து, துணியால் ஒற்றி ஒற்றி, எண்ணெய் பூசி, மயிரிழை மயிரிழையாகப் பிரித்தாள். இடது காதின் பின்பக்கத்தில் தோல் உரிந்து வந்தது. அப்போதுதான் ஜெஸ்லியா கத்தினாள். கத்தலோடு கத்தலாக எல்லாம் வெளியே வந்தது. பள்ளிக்கூடத்தில் பர்தாத் துணிக்கு மேலால் அவள் காதுகள் இரண்டும் புடைத்துக்கொண்டு தெரியுமாம். பின்னால் இருக்கிற இரண்டு பொடியன்மார் விரலால் சுண்டுவார்களாம். கேற்றடியில் கழுதை நின்றால், "உன்ர ராத்தா வந்திருக்கிறா, கூட்டிக்கொண்டு போ" என்று அதை அவளுக்கு அக்காவாக்கிவிடுவார்களாம். மன்னார் ரவுணில் கழுதை நிற்காத தெரு எது? பிள்ளைக்கு ஒரு நாளாவது தப்ப வழியில்லை.

முஸ்பிராவும் நானும் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், அடுத்தடுத்த மேசை. இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்னது பிறகு, எல்லாம் தொடங்கி மாதங்கள் கழித்து. அதுவரைக்கும் அவளுடைய காது எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. அவள் முக்காடு இல்லாமல் கந்தோருக்கு வந்ததில்லை.

அவள் பிறந்தது புத்தளத்தில், ஓலைக் கொட்டில்கள் நிறைந்த ஒரு முகாமில். அவளுடைய வாப்பாவும் உம்மாவும் தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். முகாமுக்கு வெளியே இருந்த பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இரண்டு பட்டம். ஒன்று "அகதி", மற்றது "செவியள்". அகதி என்று சொன்னால் பக்கத்தில் இன்னும் பத்துப் பிள்ளைகள் நின்றார்கள், சேர்ந்து கோபப்படலாம். மற்றப் பட்டத்துக்கு அவள் தனியாள். யுத்தம் முடிந்து குடும்பம் மன்னாருக்குத் திரும்பிய பிறகு படித்தாள், உத்தியோகம் எடுத்தாள், றம்ஸீனைக் கலியாணம் கட்டினாள். கலியாண வீட்டில் தலைச் சோடனை செய்ய வந்த பெண்ணிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "காது வெளியால தெரியாமக் கட்டுங்கோ." ஜெஸ்லியா பிறந்த அன்று, நேர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்த குழந்தையின் முகத்தைப் பார்க்கமுன் அவள் துணியை விலக்கிக் காதைப் பார்த்தாள்.

குளூ பூசிய அந்தக் கிழமையே யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் பிள்ளையைக் கொண்டுபோனார்கள். பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை செய்யும் டொக்டர் நடுவயதுப் பெண். பிள்ளையின் காதை விரலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தார்.

"காது பெரிசில்லை. மேல் பக்கத்தில ஒரு மடிப்பு விழவேணும், அது விழேல்லை. அதுதான் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிக்குது" என்றார். காதுக்குப் பின்னால் வெட்டுவார்களாம், தழும்பு வெளியே தெரியாதாம். குருத்தெலும்பை வளைத்து உள்ளுக்குள் தையல் போடுவார்களாம். கேட்கும் சக்திக்கு ஒன்றும் ஆகாது. இந்த வயதில் செய்யலாம், ஆனால் சின்னப் பிள்ளை என்றபடியால் முழு மயக்கம் கொடுக்கவேண்டும்.

"நோகுமா டொக்டர்?" என்று முஸ்பிரா கேட்டாள்.

"நோகும். மருந்து தருவம்."

"எவ்வளவு நோகும்?"

டொக்டர் சிரித்தார். "அதை நான் எப்பிடி அம்மா சொல்லுறது? எனக்கு ஆரும் செய்யேல்லையே."

முஸ்பிரா எழும்பிக் கதவைச் சாத்தினாள். பிறகு முக்காட்டின் ஊசியைக் கழற்றித் துணியை எடுத்து மடியில் வைத்தாள். கலியாணத்துக்குப் பிறகு கணவனையும் மகளையும் தவிர வேறு எவருக்கும் காட்டாத காதுகள்.

"அப்ப முதல் என்ர காதைச் செய்யுங்கோ. எனக்கு என்ன நடக்குது எண்டு பாத்திட்டு இவளைக் கொண்டுவாறன்."

டொக்டரின் முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது. "பிள்ளைக்காக நீங்கள் சோதிச்சுப் பாக்கத் தேவையில்லை. உங்களுக்கு வேணுமெண்டாத்தான் உங்களுக்குச் செய்யலாம்."

"எனக்கும் வேணும்" என்றாள் முஸ்பிரா.

திரும்பி வரும் பஸ்ஸில், பிள்ளை மடியில் நித்திரையான பிறகுதான் றம்ஸீன் கேட்டான்: "மகளைச் சாட்டா வைச்சு நீ உன்ர ஆசையைத் தீர்க்கிறியா?"

"ஓம்" என்றாள் முஸ்பிரா. "பாதி அப்பிடித்தான். மற்றப் பாதி நான் சொன்னதுதான்."

அவன் அதற்கு மேல் தடுக்கவில்லை. தடுத்தவள் அடுத்த வளவில் இருந்த அவனுடைய மூத்த சகோதரி நசீறா. "முக்காட்டுக்குள்ள கிடக்கிற காதை ஆர் பாக்கப்போறான்? அல்லாஹ் தந்த உருவத்தில கத்தி வைக்கிறதா? பிள்ளைக்கு ஒரு நோய் எண்டா நானே கூட்டிக்கொண்டு போவன். இது என்ன நோய்?"

"அல்லாஹ்வுக்கு என்ர மனசு தெரியும் மதினி" என்று மட்டும் முஸ்பிரா சொன்னாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த படலை திறக்கவில்லை.

பெரியவர்களுக்கு அந்த இடத்தை மட்டும் விறைக்கப்பண்ணிச் செய்யலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். முஸ்பிரா அதையே கேட்டாள். முழித்திருந்து அறிய வேண்டும் என்பது அவள் எண்ணம். காதைச் சுற்றிப் போட்ட ஊசிகள்தான் நோவு. நெருப்புக் குச்சியால் தொட்டதுபோல் ஒவ்வொன்றும் சுட்டது. அதற்குப் பிறகு நோவில்லை, ஆனால் சத்தம் இருந்தது. முகத்தை மூடிய துணிக்குள் கிடந்து அவள் எல்லாவற்றையும் கேட்டாள். கத்திரிக்கோலின் நறுக், எதையோ சுரண்டும் கரகரப்பு, நூல் இழுபடும் ஓசை. செய்வது காதிலேயே அல்லவா, உலகத்தில் வேறு சத்தமே இல்லாதது போலிருந்தது. வாய்க்குள் ஓதத் தொடங்கினாள். பாதியில் எது ஓதினோம் என்று மறந்து திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள். 'என்ர பிள்ளையை நித்திரையாக்கித்தான் செய்யவேணும்' என்று அந்த நேரத்தில் தீர்மானித்துக்கொண்டாள்.

முடிந்ததும் தலையைச் சுற்றித் தலைப்பாகை மாதிரிப் பெரிய கட்டு. அடுத்த நாள் டொக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்து, திரும்பக் கட்டி, வீட்டுக்குப் போகச் சொன்னார். போகமுன் முன்னால் இருத்தி வைத்துச் சொன்னவை பல. நிமிர்ந்து, தலையை உயர்த்திப் படுக்கவேணும். தலை குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. கட்டை நனைக்கக்கூடாது. தொழுவதென்றால் கொஞ்ச நாளைக்குக் கதிரையில் இருந்து தொழுங்கோ. கடைசியாக ஒன்று:

"ரெண்டு பக்கமும் நோகும், அதுக்குப் பயப்படாதேங்கோ. ஆனா ஒரு பக்கம் மட்டும் கூடிக்கொண்டு போனா, நோவுக்குத் தந்த குளுசையைப் போட்டும் நிக்காட்டி, என்ன வேலை இருந்தாலும் விட்டிட்டு உடனே வாங்கோ."

வியாழக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தார்கள். கொழும்பில் றம்ஸீனின் சரக்கு வந்து காத்துக் கிடந்தது. "நீங்க போங்கோ, எனக்கு ஒண்டுமில்லை" என்று அவளே அனுப்பிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வலது காது நோகத் தொடங்கியது.

முதலில் அவள் அதை நம்பவில்லை. இடது பக்கமும் நோகிறதுதானே என்று விரலால் கட்டுக்கு மேல் அழுத்திப் பார்த்தாள். இடது பக்கத்தில் மந்தமான ஒரு நோவு. வலது பக்கத்தில் உள்ளுக்குள் எதுவோ நிறைந்துகொண்டு வந்தது. குளுசை போட்டாள். கதிரையில் நிமிர்ந்திருந்தாள். நோவு குறையவில்லை, நெஞ்சு அடிக்கிற அடி ஒவ்வொன்றுக்கும் காது துடித்தது. காலையில் செருப்பு எடுக்கக் குனிந்தேனா? ஜெஸ்லியாவின் புத்தகப் பையைத் தூக்கிக் கொடுத்தேனா? நினைக்க நினைக்க எல்லாமே தன் பிழையாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டு வந்த ஜெஸ்லியா, உம்மாவின் முகத்தைப் பார்த்தவுடன் பையை இறக்காமலே நின்றாள்.

மருத்துவமனைக்கு அழைத்தாள். நேர்ஸ் இரண்டு கேள்வி கேட்டாள். ஒரு பக்கம்தானா? கூடிக்கொண்டு போகுதா? பிறகு, "இப்பவே வெளிக்கிடுங்கோ. டொக்டர் தியேட்டருக்குள்ள நிக்கிறா, நான் சொல்லி வைக்கிறன். கட்டை நீங்கள் அவிழ்க்க வேண்டாம்" என்றாள்.

வெளிக்கிடுவது எதில்? ஜும்ஆ நேரம். தெருவில் ஆண்கள் ஒருவரும் இல்லை, எல்லாரும் பள்ளிவாசலில். கடைகள் பூட்டு. தெரிந்த ஓட்டோக்காரர் இருவருக்கு அழைத்தாள், இருவரும் தொலைபேசியை நிறுத்தி வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் போனால் நின்று நின்று போகும். நோவு இப்போது கழுத்துக்கு இறங்கியிருந்தது. ஜெஸ்லியா ஒன்றும் கேட்காமல் வெளியே ஓடினாள். படலை கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

நசீறா ஈரக்கையைச் சீலையில் துடைத்தபடி வந்தாள். முஸ்பிராவின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. வந்த வழியே திரும்பி வேகமாகத் தெருவுக்குப் போனாள். மூன்று வீடு தள்ளி இருந்த லோறன்ஸ், திருக்கேதீஸ்வரத்துக்கு ஆட்களை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்து வானைக் கழுவிக்கொண்டு நின்றான். அவன் நுரைபிடித்த வானோடு வாசலுக்கு வந்தான்.

"ஏறுங்கோ தங்கச்சி. சாப்பாடு பிறகு பாப்பம்."

வீட்டில் விட ஆளில்லாததால் ஜெஸ்லியாவும் ஏறினாள். தலையில் கட்டு இருந்ததால் முக்காட்டை இறுக்கிக் கட்ட முடியவில்லை. நசீறா தன் துப்பட்டியை எடுத்து மேலால் தளர்வாகப் போட்டுவிட்டாள்.

பாலம் கடந்து தள்ளாடி தாண்டும்வரை முஸ்பிரா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாந்தைச் சந்திக்குப் பிறகு றம்ஸீனுக்கு அழைத்தாள். "காது… வலது பக்கம்…" என்று தொடங்கும்போதே லைன் அறுந்தது. அதற்குப் பிறகு சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. பாதையில் சின்னக் குழி வந்தாலும் காதுக்குள் ஒரு அடி விழுந்தது. நசீறா பக்கவாட்டில் திரும்பி இருந்து, இரண்டு உள்ளங்கையாலும் அவள் தலையை ஏந்திப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக் குவளையைப் பிடிப்பதுபோலப் பிடித்தாள், வான் ஆடினாலும் தலை ஆடவில்லை.

இலுப்பைக்கடவையில் மாட்டுப் பட்டி ஒன்று பாதையை மறித்தது. லோறன்ஸ் ஹோர்ன் அடித்துப் பார்த்தான், பிறகு இறங்கி ஓடிக் கையால் அடித்து விரட்டினான். வெள்ளாங்குளத்துக்குக் கிட்ட முஸ்பிராவுக்குக் குமட்டியது. வானை நிறுத்தி, தலை குனியாமல் வாந்தி எடுக்க வைக்க நசீறா பட்ட பாடு சொல்லி முடியாது. அப்போதுதான் கட்டின் வலது ஓரத்தில் சிவப்பாக ஒரு வட்டம் ஊறியிருப்பதை நசீறா கண்டாள். கண்டதைச் சொல்லவில்லை. துப்பட்டியை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிட்டு, "லோறன்ஸ், கொஞ்சம் கெதியாப் போ" என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் ஜெஸ்லியாவும் கண்டிருந்தாள். முன் சீற்றில் முழந்தாளில் நின்று பின்னுக்குத் திரும்பிப் பார்த்தபடி வந்தவள், முழங்காவில் தாண்டும்போது கேட்டாள்:

"உம்மா, எனக்கும் இப்பிடிச் செய்வீங்களா?"

லோறன்ஸ் பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பதில் சொல்ல முஸ்பிரா வாய் திறந்தாள். வந்தது முனகல்தான். பிள்ளை திரும்பி முன்னுக்குப் பார்த்து இருந்துகொண்டது. சங்குப்பிட்டிப் பாலத்தில் கடற்காற்று யன்னலால் அடித்தபோதும் அது திரும்பவில்லை.

மருத்துவமனை வாசலில் நேர்ஸ் சக்கர நாற்காலியோடு நின்றாள். டொக்டர் கட்டை அவிழ்த்தார். வலது காது கறுத்து, பளபளத்து, மடிப்பே தெரியாமல் வீங்கியிருந்தது. விறைப்பு ஊசி போட்டு, சில தையலை வெட்டி, உள்ளே தேங்கிக் கட்டியாகிக் கிடந்த இரத்தத்தை வெளியே எடுத்தார்கள். அழுத்தம் இறங்கிய அந்தக் கணத்தில் முஸ்பிரா வாய்விட்டு அழுதாள். நோவால் இல்லை, நோவு போனதால். "ஆரோ என்ர தலைக்கு மேல ஏறி நிண்டவன் இறங்கிப் போன மாதிரி இருந்தது" என்று என்னிடம் சொன்னாள்.

"நல்ல நேரத்துக்கு வந்தியள்" என்றார் டொக்டர். "இதை விட்டிருந்தா குருத்தெலும்பு செத்து, காது சுருண்டு போயிருக்கும்."

"நான் என்ன பிழை விட்டனான்?"

"ஒண்டுமில்லை. சில பேருக்கு இப்பிடி வரும். அதுதான் சொல்லி விட்டனான்."

வெளியே வாங்கில் இருந்த நசீறா செய்தி கேட்டதும் கையூன்றி எழும்ப முயன்று, முடியாமல் திரும்ப இருந்தாள். இரண்டு கையும் தோளிலிருந்து விறைத்துப்போயிருந்தன. றம்ஸீன் கொழும்பிலிருந்து நேரே யாழ்ப்பாணத்துக்கு வந்து சேரும்வரை அவள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

கடைசியாகக் கட்டைக் கழற்றிய நாளில் பெரிய சந்தோசம் வரும் என்று முஸ்பிரா எதிர்பார்த்திருந்தாள். கண்ணாடியில் தெரிந்தவை மஞ்சளும் ஊதாவுமாக வீங்கிய இரண்டு காதுகள். தொட்டால் தெரியவில்லை, வேறு ஆருடையதையோ தொடுவது போலிருந்தது. பிறகு கடி தொடங்கியது. சொறியவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. நித்திரைக்குப் போகும்போதெல்லாம் விளையாட்டுக்காரர் போடுவது போன்ற ஒரு பட்டியைக் காதுக்கு மேலால் போட்டாள். வாரக்கணக்கில் ஒருக்களித்துப் படுக்கவில்லை. வீக்கம் மெல்ல மெல்ல வற்றியது, உணர்ச்சி இன்னும் மெல்ல வந்தது. வலது காது இடதைவிட ஒரு துளி முன்னுக்கு நிற்கிறது. டொக்டர் அதைத் திருத்தலாம் என்றார். முஸ்பிரா கையெடுத்துக் கும்பிடாத குறையாக வேண்டாம் என்றாள்.

கந்தோருக்குத் திரும்பி வந்தபோது எங்களில் ஒருத்தருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. காய்ச்சலாக்கும் என்றுதான் நினைத்தோம். தெரிந்தது அவளுக்கு மட்டும். காலையில் முக்காடு கட்டும்போது துணி தட்டையாகப் படிகிறது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பாளாம், பஸ் போய்விடும் என்று றம்ஸீன் சத்தம் போடும்வரை.

அதற்கிடையில் அவள் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பு ரீச்சர் பஸ்மினாவைக் கண்டாள். குளூ பூசிய கதையைக் கேட்ட ரீச்சர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். சுண்டின பொடியன்மாரை முன் வாங்குக்கு மாற்றி, அவர்களின் தாய் தகப்பனையும் கூப்பிட்டுக் கதைத்தார். சுண்டுவது நின்றது. பட்டம் முற்றாக நிற்கவில்லை.

டிசம்பர் விடுமுறையில் ஜெஸ்லியாவுக்கு என்று ஒரு திகதி எடுத்து வைத்திருந்தார்கள். அது கிட்ட வர வர வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஒரு பின்னேரம் முஸ்பிரா உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது பிள்ளையே வந்து பக்கத்தில் இருந்தது.

"ஊசி நோகுமா உம்மா?"

"உன்னை முதல் நித்திரையாக்குவினம். ஊசி கையில ஒண்டு. அது நோகும்."

"எழும்பினாப் பிறகு?"

"நோகும். கனக்கும். தலை முழுகேலாது. கடிக்கும், சொறியேலாது."

"ரத்தம் வருமா, உங்களுக்கு மாதிரி?"

முஸ்பிரா மடித்த சட்டையைக் கீழே வைத்தாள். வராது என்று சொல்ல அவ்வளவு ஆசையாக இருந்ததாம். "எல்லாருக்கும் வராது. சில பேருக்கு வரும். வந்தா நாங்கள் உடனே கொண்டு போவம்."

ஜெஸ்லியா உம்மாவின் முக்காட்டை விலக்கி, புதுக் காதை விரலால் தடவிப் பார்த்தாள். தன் காதையும் தொட்டுப் பார்த்தாள்.

"இப்ப வேண்டாம். வேணுமெண்டா நான் சொல்லுறன்."

அடுத்த நாள் முஸ்பிரா எனக்குப் பக்கத்து மேசையில் இருந்து மருத்துவமனைக்கு அழைத்து, மகளின் திகதியை வேண்டாம் என்று சொன்னாள். தொலைபேசியை வைத்துவிட்டு முகத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். என்ன என்று கேட்டேன். அன்றுதான் இவ்வளவையும் சொன்னாள்.

"இப்ப நிம்மதிதானே?" என்றேன்.

"நிம்மதியா, ஏமாத்தமா எண்டு எனக்கே தெரியேல்லை" என்றாள். "ஆனா அவள் கேட்ட ஒண்டுக்கும் நான் பொய் சொல்லேல்லை."